லீட்டருக்கு மூன்று மில்லிகிராம்

கன்னியா வீதியில், வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொஞ்சம் முன்னால்
எங்கள் ஆய்வுகூடம்.
உள்ளே போகச் செருப்பைக் கழற்றவேண்டும்.
கோயிலென்று நினைத்து
சுற்றுலா வந்த ஒருத்தி வாசலில் படம் எடுத்துப் போனாள்.

நஸ்மியா அகார் காய்ச்சுகிறாள்.
நோன்பு மாதத்தில், கிண்ணியாவில், அவள் வீட்டுத் தட்டில்
பாலும் சீனியுமாய் நடுங்குகிற அதே கடற்பாசி.
இங்கே அதற்குள் உப்புகள் போகும், சீனி போகும்,
பிறகு என் பங்கு:
மூச்சை அடக்கிக்கொண்டு நிறுக்கிற ஒரு வெள்ளைத் தூள்.
சைற்றோகைனின். லீட்டருக்கு மூன்று மில்லிகிராம்.
நாலைந்து சீனிப் பரல் இருக்கும்,
எறும்பு ஒன்று ஒரே நடையில் கொண்டுபோய்விடும்.

அது பட்டதும்
நகமளவு வெட்டிய இதரை வாழைக் குருத்து
தலை தூக்குகிறது. பக்கத்தில் இன்னொன்று.
ஆறு கிழமையில் எட்டு.
ஒன்றுக்கும் வேர் இல்லை.
வேருக்கு வேறு தூள், ஒக்ஸின்,
அதை வைத்தால்தான் கீழே பார்க்கும்.

இரண்டும் சரிக்குச் சரி விழுந்தது ஒருநாள்.
மின்சாரம் போய் வந்த மத்தியானம்
தராசு தன் பூச்சியத்தை மறந்திருந்தது,
நானும் பார்க்கவில்லை.
தொகுதி பதினான்கு, முப்பத்தாறு போத்தல்.
தண்டுமில்லை, வேருமில்லை.
அவியாத புட்டுமாப் போல வெளிறிய கட்டிகள்
பெருத்தன, பெருத்தன,
என்னவாகப் பெருக்கிறோம் என்று தெரியாமல்.
எறியச் சொன்னார் அதிகாரி.
முப்பத்தைந்தை எறிந்தேன்.

தம்பலகாமத்துக் கோணாமலை அண்ணன்
இருநூறு கன்றுக்குப் பதிந்துவைத்தவர்.
கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டார்:
"ஓமோன் எண்டால், பிள்ளை,
கோழிக்கு ஊசி போடுறது எண்டு சொல்லுவாங்களே, அதோ?"
இல்லை அண்ணன்.
வாழைக்குலை பழுக்கப் புகை போடுறீங்கள்,
அந்தப் புகைக்குள்ள ஒண்டு இருக்கு.
கத்தரி நுனியைக் கிள்ளக் கிளைக்குதே,
கிள்ளி எறியிற நுனிக்குள்ள ஒண்டு.
இளநீருக்குள்ளயும் இருக்கு.

"அப்ப நான் முப்பது வருசமா விஞ்ஞானி" என்றார்.
அடுத்த வெள்ளி, சைக்கிள் காரியரில்
இரண்டு செவ்விளநீர்:
"போத்தலுக்கு ஊத்துங்கோ."

ஒன்றைக் குடித்தோம்.
மற்றதை வடித்து, புதிய அகாரில் கலந்து
முப்பத்தாறாவது கட்டியை அதில் இருத்தினேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.
பத்தொன்பதாம் நாள் ஊசிமுனையளவு ஒரு பச்சை.
"கண் திறந்திட்டு" என்றாள் நஸ்மியா,
முகமூடிக்குள்ளே, சத்தமில்லாமல்,
கதைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும் அறை அது.

ஆனிமாதம் கச்சான் எழும்பியது.
போத்தலில் வளர்ந்ததுகளுக்கு
இலைத்துளையை மூடத் தெரியாது.
எந்நேரமும் ஈரம், எந்நேரமும் சீனி,
எதற்கு மூடவேண்டும்?
வெளியே வைத்த இருநூறில் அறுபத்தொன்று
ஒரு கிழமைக்குள் வாய் திறந்தபடி காய்ந்தன.
கோணாமலை அண்ணன் அவற்றையும் எண்ணிப் பார்த்தார்.
காசு திருப்பிக் கேட்கவில்லை,
கேட்டிருக்கலாம்.

மூடு என்று சொல்லவும் ஓர் ஓமோன் உண்டு.
அது எங்கள் அலுமாரியில் இல்லை.
வாடலும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பட்டு
இலைதான் அதைத் தனக்குள் ஊறவைக்கவேண்டும்.

பதினான்காம் தொகுதிக் கன்றுக்கு இப்போது மூன்று இலை.
மூன்றாவதில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது,
பிழையோ வடிவோ, இன்னும் தெரியாது.
நெற்குத்தூள் நிரப்பிய யோகட் கப்பில்
பொலித்தீன் மூடியின் கீழ் நிற்கிறது.
ஐந்து மணிக்கு, பூட்டுவதற்கு முன்,
மூடியை ஒரு விரல் அகலம் தூக்கி
தீப்பெட்டி ஒன்றை இடையில் கொடுக்கிறேன்.
நாளைக்கு இரண்டு விரல்.
அதற்குள் கச்சான் ஓய்ந்தால் நல்லது.